சொல்லும் மூளையும் மின்னும்

தொல்காப்பியனார் பிறப்பியலில், நா, பல், இதழ், மூக்கு முதலாக எழுத்தொலி பிறக்கும் இடங்களை எட்டாக வகுத்துரைத்தார். ஒலியாய் வெளிப்படுமுன் சொல் எங்கே உறைகின்றது? இவ்வினாவிற்கு விடை காணத் தலைப்பட்டவர் பிரெஞ்சு வைத்தியராகிய புரோக்கா. பேச்சிழந்து மாண்ட ஒருவரின் மூளையை 1861-இல் ஆராய்ந்த அவர், அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பொருளுணர்ந்து கேட்டற்குரிய பகுதி செவிக்கு மேற்பின்புறம் உள்ளதென 1874-இல் வெர்னிக்கே காட்டினார். இவை தனித்தனி அறைகளல்ல, நரம்பிழைகளாற் பின்னிய ஒரு வலையின் முடிச்சுகளே என்பது இக்கால அறிஞர் துணிபு.

பக்கவாதம் இவ்வலையை அறுக்குமாயின் சொல்லிழப்பு நேரும். சகரியா ஊமையாயிருந்தும் எழுத்துப் பலகை கேட்டுத் தம் மைந்தன் பெயரை எழுதினார். அவருக்குக் கட்டுண்டது நா, சொல் அன்று. சொல்லிழந்தார் நிலை வேறு. வாசுதேவநல்லூரில் எலுமிச்சை பயிரிடும் முதியவர் ஒருவர்க்கு இந்நோய் வந்ததெனக் கொள்வோம். கனியைக் கையிற் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். ஊறுகாய்க்கு ஆகும் என்பதும் அறிவார். அதன் பெயர் மட்டும் வாராது. எழுதிக் காட்டலும் பெரும்பாலும் இயலாது.

மின்சாரங்கொண்டு இவ்வலையை ஆராயும் முயற்சி மண்டையோட்டைத் திறந்தே முன்னர் நடந்தது. மாண்டிரியல் நகரத்துப் பென்பீல்டு என்பார், வலிப்பு நோய்க்கு அறுவை செய்யுங்கால், விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மின்முனையால் தொட்டு, பேச்சுத் தடைப்படும் இடங்களைக் குறித்துக்கொண்டார். அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் நரம்பு அறுவை வைத்தியத் துறையைத் தொடங்கினார் என்பது நாம் மகிழ்தற்குரியது.

திறவாமலே தூண்டும் வழிகள் பின்னர்த் தோன்றின. 1985-இல் ஷெபீல்டில் பார்க்கர் முதலியோர், தலைமீது வைத்த கம்பிச் சுருளிற் காந்த அலை எழுப்பி, மூளையுள் மின்னோட்டம் பிறப்பித்தனர். இதனை மெதுவாக அடுக்கிச் செலுத்தின் அவ்விடத்து நரம்பின் எழுச்சி பொதுவாகத் தணியும். விரைவாகச் செலுத்தின் மிகும். 2000-இல் ஜெர்மனியில் நிட்ஷேயும் பவுலசும் மற்றொரு முறையை நிலைநாட்டினர். உப்புநீரில் தோய்த்த பஞ்சுத் தகடுகள் வழியே ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் அளவே மின் செல்லும். இது நரம்பைத் தானே இயக்குவதில்லை; இயங்குதற்கு எளிதாக்கும், அவ்வளவே.

இதன் பயன் எத்துணை? 2018-இல் தென் கரோலினா ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. சொல்லிழந்தார் 74 பேர்க்கு, படத்தோடு சொல்லைப் பொருத்தும் பயிற்சி 15 முறை அளிக்கப்பட்டது. ஒரு சாரார்க்கு மெய்யாக மின் செலுத்தினர். மறு சாரார்க்குச் செலுத்துவதுபோற் காட்டினர். முன்னவர் சராசரி 14 சொற்களும், பின்னவர் 8 சொற்களும் கூடுதலாகக் கூறினர். மின் பெறாதாரும் பயிற்சியால் முன்னேறினர் என்பதை மறத்தலாகாது. மின் சொல்லைத் தருவதன்று. நிலத்தை நெகிழ்விக்கும் ஈரம் போல்வது. வித்தும் உழவும் பயிற்சியே. எனவே, இதனை முடிந்த மருந்தெனக் கொண்டாடுதலும், கருவியை வாங்கி வீட்டிலே தாமே சூட்டிக்கொள்ளுதலும் தகா. வாய் கோணி, கை தளர்ந்து, சொல் குழறியவுடன் மருத்துவமனை சேர்தலே முதற்கடன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் இட வேண்டுவது.

தமிழ் பயில்வார்க்கும் இங்கே ஒரு பணியுண்டு. நம் மொழி ஏட்டில் ஒன்றாகவும் வீட்டில் ஒன்றாகவும் வழங்குவது. முற்கூறிய முதியவர்க்கு "யாது", "உண்க" என்னும் சொற்களாற் பயிற்சியளித்தல் பயன்படாது. "என்ன", "சாப்பிடு" என அவர் வாழ்நாளெல்லாம் வழங்கிய சொல்லே வேண்டும். வட்டாரந்தோறும் வழங்கும் இத்தகைய சொற்களைத் தொகுத்து, எளிமை நோக்கி வரிசைப்படுத்தி, பேச்சுப் பயிற்சியாளர் கையிற் கொடுத்தல் இலக்கணம் கற்ற நமக்கு இயல்வதே. இழந்த சொல்லை ஒருவர் மீண்டும் பெறத் துணைநிற்குமாயின், நாம் கற்ற தமிழ் ஊழியமாகும்.