பெரிய ஸ்டெப்பர் மோட்டாருக்கு டிரைவரும் பவர் சப்ளையும்

பாவு ஓட்டும் யந்திரத்தில் பெரிய ஸ்டெப்பர் மோட்டார் பொருத்த எண்ணும் சங்கங்கள் விலைப்புள்ளி கோருமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மோட்டாரின் தகட்டில் 3 வோல்ட் என்றிருப்பின், அது பவர் சப்ளைக்குரிய அளவன்று. சுருளின் தடையை ஆம்பியரால் பெருக்கிய தொகையே. அதனை மட்டும் கொடுத்தால், மெல்லச் சுழல்கையில் நன்றாய் இழுக்கும் மோட்டார், வேகம் கூடியதும் வலுவிழந்து படி தவறும். மின்னோட்டம் விரைந்து ஏறவொட்டாமல் சுருளின் இண்டக்டன்ஸ் தடுப்பதே காரணம்.

ஆகவே, மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரைவரும் உயர்ந்த வோல்ட்டும் தேவை. மில்லிஹென்றி அளவின் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குவது வழக்கிலுள்ள கணக்கு: 4 மில்லிஹென்றிக்கு 64 வோல்ட். இது உச்சவரம்பு, குறைவாகவும் வைக்கலாம். டிரைவரின் ஆம்பியர் மோட்டாரின் அளவை மீறலாகாது.

டிரைவர் 80 வோல்ட் வரை தாங்குமெனினும் 80 வோல்ட் பவர் சப்ளை வாங்கற்க. பளுவுடன் சுழலும் மோட்டாரைச் சடுதியில் நிறுத்துங்கால், அதுவே மின்னாக்கியாகி வோல்ட்டை உயர்த்தும். எரிந்துபோகும் டிரைவரின் விலை அங்கத்தினர் பணமன்றோ! மின்சாரம் இருக்கையில் மோட்டார்க் கம்பிகளைக் கழற்றினாலும் அதே கதிதான்.