நாமே செய்வதா, பிறரிடம் ஒப்படைப்பதா?

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. மாதிரி செய்ய வேண்டும், படம் வரைய வேண்டும், விளக்கம் எழுத வேண்டும். எல்லாவற்றையும் நீங்களே செய்வீர்களா, நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுப்பீர்களா? "சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே முடித்து விடுவேன்" என்று தோன்றும். "கொடுத்தால் கெடுத்து விடுவார்களோ" என்ற பயமும் வரும். பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சிக்கல் வந்ததுண்டு. அப்படி ஒரு கதை நம் புதுச்சேரியோடு தொடர்புடையது.

பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம்? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதற்குத் திருத்தமான விடை கிடையாது. 1716இல் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில வானியலாளர் ஒரு வழி சொன்னார். அபூர்வமாகச் சில சமயம் வெள்ளிக் கோள் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வரும். சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளி ஊர்வது போலத் தெரியும். இதுவே வெள்ளி இடைநகர்வு.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரிகிறதல்லவா? அதுபோல, பூமியின் வடக்கிலும் தெற்கிலும் இருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளியின் பாதை சற்று மாறித் தெரியும். கடக்கும் நேரமும் மாறும். அந்த வித்தியாசத்தைக் கொண்டு சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் ஒரே மனிதர் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியுமா? அதோடு, அடுத்த இடைநகர்வுகள் 1761இலும் 1769இலும்தான் வரவிருந்தன. ஹாலியோ அப்போதே அறுபதை நெருங்கியவர். ஆகவே அவர் செய்முறையைத் தெளிவாக எழுதி, வேலையை அடுத்த தலைமுறையிடம் விட்டார். 1742இல் இறந்தும் போனார். பிறரிடம் ஒப்படைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லை!

அந்த வேலையை ஏற்றுக் கொண்டவர்களில் ஒருவர் லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக 1760இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். வழியில் போர்! 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்துதான் அவரால் வெள்ளியைப் பார்க்க முடிந்தது. அந்த அளவீடு எதற்கும் பயன்படவில்லை.

அவர் ஊர் திரும்பவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், 1768இல் இங்கு வந்து, இடிந்த கோட்டையின் மீது ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்று பாரதி பூங்கா இருக்கும் பகுதியில்தான் அந்தக் கோட்டை இருந்தது. 1769 ஜூன் 4 காலை வந்தது. மேகம் சூரியனை மூடிக் கொண்டது! இடைநகர்வு முடிந்த பிறகே வானம் தெளிந்தது. அவர் முன்பு தங்கியிருந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம்.

அப்படியானால் ஹாலியின் திட்டம் தோற்றதா? இல்லை. தாகித்தித் தீவில் கேப்டன் குக் குழுவினர் பார்த்தார்கள். கனடாவின் ஹட்சன் விரிகுடாவிலும் நார்வேயிலும் வேறு சிலர் பார்த்தார்கள். ஒருவர் கண்ணை மேகம் மறைத்தாலும் மற்றவர்களின் அளவீடுகள் கை கொடுத்தன. அவற்றைத் தொகுத்து, 1771இல் தாமஸ் ஹார்ன்ஸ்பி கண்ட தூரம் சுமார் 15 கோடியே 8 லட்சம் கிலோமீட்டர். இன்று நாம் அறிந்த சராசரித் தூரம் 14 கோடியே 96 லட்சம். பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே இடத்தில் நின்று பார்த்த குக்கும் அவருடைய துணைவர் கிரீனும் குறித்த நேரங்களே சில விநாடிகள் வேறுபட்டன. வெள்ளி சூரியனின் விளிம்பைத் தொடும் கணம் தெளிவாகத் தெரியாததே காரணம். பல கைகளில் கொடுத்த வேலையை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் உழைக்க வேண்டும்.

லெ ஜான்தீல் மற்றொன்றையும் பிறரிடம் ஒப்படைத்திருந்தார். ஊரில் தம் சொத்தைக் கவனிக்க ஒருவரை நியமித்திருந்தார். 1771இல் திரும்பியபோது, அவர் இறந்து விட்டதாகக் கருதி உறவினர்கள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். பணம் திருட்டுப் போனதாகப் பொறுப்பாளர் சொன்னார். வழக்குப் போட்டும் பயனில்லை.

இரண்டையும் ஒப்பிடுங்கள். வெள்ளியைப் பார்க்கும் வேலைக்கு எழுதிய செய்முறை இருந்தது. பலர் செய்தார்கள், ஒருவர் பிழையை மற்றவர் அளவீடு காட்டிக் கொடுத்தது. சொத்து ஒரே ஒருவர் கையில் இருந்தது. பதினொரு ஆண்டுகள் அருகிலிருந்து சரிபார்க்க வழியே இல்லை.

இப்போது ஒரு கணக்கு. வாரம் ஒருமுறை வகுப்புச் சுவர்ப் பலகையில் செய்தி எழுத உங்களுக்கு 20 நிமிடம் ஆகிறது. நண்பனுக்குக் கற்றுக் கொடுக்க 60 நிமிடம், பிறகு வாரந்தோறும் சரிபார்க்க 5 நிமிடம். வாரம் மிச்சம் 15 நிமிடம். நான்கு வாரத்தில் போட்ட நேரம் திரும்பி விடும். ஐந்தாம் வாரத்திலிருந்து லாபம்தான். ஒரே ஒரு முறை செய்யும் வேலையென்றால் நீங்களே செய்வது மேல். ஆனால் நண்பன் ஒரு வேலை கற்றுக் கொண்டானே, அந்த லாபம் இந்தக் கணக்கில் வரவில்லை!

செய்து பாருங்கள்: நூலில் கல்லைக் கட்டித் தொங்க விட்டு ஆட்டுங்கள். நான்கு நண்பர்கள் 10 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைத் தனித்தனியே, பிறர் பார்க்காமல் குறிக்கட்டும். நால்வர் விடையும் ஒன்றாக இருக்கிறதா? பிறகு, எந்தக் கணத்தில் எண்ணத் தொடங்குவது, எதில் முடிப்பது என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, மறுபடி செய்யச் சொல்லுங்கள். வித்தியாசம் குறைகிறதா?

அடுத்த வெள்ளி இடைநகர்வு 2117இல். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நீங்கள் என்ன குறிப்பு எழுதி வைப்பீர்கள்?