ஆவடியில் கேட்ட கேள்வி

சென்னை இராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு முதன்முதல் புகைவண்டி ஓடிய பாதை அதுவே. அப்பாதையில் அம்பத்தூரை அடுத்து ஆவடி என்னும் ஊர் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காங்கிரசு மாநாடு கூடிய இடமென்றும், பின்னர்ப் போர்த்தாங்கிகள் செய்யும் தொழிற்சாலை அமைந்த இடமென்றும் அவ்வூரைப் பலர் அறிவர். அவற்றிற்கெல்லாம் முன்னே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆவடிக்கு வேறொரு பெயர் வாய்த்திருந்தது. கடல் கடந்து மலேயாவுக்குச் செல்லும் தொழிலாளர் தங்கும் முகாம் அங்கே இருந்தது. மக்கள் அதனை 'டிப்போ' என்றனர்.

தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஆவடியில், மற்றொன்று நாகப்பட்டினத்தில். துறைமுகத்திற்கு அணித்தாகவும், நகர நெருக்கடிக்கு அப்பாலும், புகைவண்டிப் பாதையை ஒட்டியும் இருந்தமையால் ஆவடி இதற்கு ஏற்ற இடமாயிற்று. முகாமுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அலுவலர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்பது சட்டம். "உன் விருப்பத்தோடுதான் போகிறாயா?" என்பதே அக்கேள்வி. கேள்வி எளியது. அதற்கு விடை சொல்லுவது அவ்வளவு எளியதன்று. அதன் காரணத்தை அறிய, மலேயாவுக்கு ஆள் தேவைப்பட்ட கதையைச் சிறிது பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1786ஆம் ஆண்டில் பினாங்குத் தீவில் காலூன்றினர். நாளடைவில் மலேயாத் தீபகற்பம் முழுவதும் அவர்கள் செல்வாக்கு பரவியது. சுல்தான்கள் அரியணையில் இருந்தார்கள். ஆட்சி ஆங்கில ரெசிடெண்டுகளின் கையில் இருந்தது. நாடோ பெருங்காடு. காட்டை அழித்துக் கரும்பும் காப்பியும் பயிரிட வந்த தோட்டத் துரைமார்களுக்கு நிலம் மலிவாகக் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மலாய்க் குடியானவர் தம் சொந்த நெல்வயலை விட்டுக் கூலிவேலைக்கு வர விரும்பவில்லை. சீனர் ஈயச் சுரங்கங்களை நாடினர். அடிமை முறையோ ஆங்கிலப் பேரரசில் 1834ஆம் ஆண்டு முதல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே, உலகின் பல மூலைகளிலும் இருந்த தோட்டக்காரர்களைப் போலவே மலேயாத் துரைமார்களும் இந்தியாவின் பக்கம் திரும்பினர். மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்றதைப் போலத் தமிழர் மலேயாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவன் இடையில் வேலையை விட்டு விலகினால் சிறை செல்ல நேரும். வழிச்செலவும் அவன் கணக்கிலே கடனாக ஏறும்.

பிறகு வந்தது இரப்பர். பிரேசில் நாட்டிலிருந்து 1876ஆம் ஆண்டில் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்தன. இருபது ஆண்டுகள் வரை அவற்றைப் பொருட்படுத்தியவர் சிலரே. மோட்டார் வண்டி தோன்றிய பின்னர் உலகெங்கும் சக்கரங்களுக்கு இரப்பர் வேண்டியதாயிற்று. 1910ஆம் ஆண்டில் அதன் விலை வானளாவ உயர்ந்தது. காடுகள் கணக்கின்றி அழிக்கப்பட்டன. இரப்பர் மரத்தை நாள்தோறும் விடியற்காலையில் சீவிப் பால் எடுக்க வேண்டும். ஆகவே ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். அதே 1910ஆம் ஆண்டில், எங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாக, மலேயாவில் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. ஒப்பந்தம் போயிற்று, அதனால் விட்டுப்போன வேலை முழுவதும் கங்காணியின் தலையில் வந்து சேர்ந்தது.

கண்காணிப்பவன் கண்காணி, அதுவே பேச்சு வழக்கில் கங்காணி ஆயிற்று. தோட்டத்தில் ஒரு கூட்டத்திற்குத் தலைவனாக இருந்து, விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி நிறுத்துபவன் அவன். ஆள் குறைந்தால் துரை அவனையே தாயகத்துக்கு அனுப்புவார். கையில் ஓர் அனுமதிச் சீட்டு, மடியில் முன்பணம், மேலே புதுச் சட்டை, காலில் செருப்பு. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அரைவேட்டியோடு ஊரைவிட்டுப் போனவன் இவ்வாறு திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்தால், அவன் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லை. ஊரார் தாமே வந்து கேட்பர். கேட்டவர்க்கு அவன் மாதச் சம்பளத்தைச் சொல்லுவான். அரிசியின் விலையைச் சொல்லமாட்டான். மழையைச் சொல்லுவான், மலைக்காய்ச்சலைச் சொல்லமாட்டான். இலங்கைக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார்களாம். மலையகத் தமிழரிடையே இன்றும் இக்கதை வழங்குகிறது. இதனை எவரும் அப்படியே நம்பியிருப்பர் என்று எண்ண வேண்டா. பசித்தவன் பாதியை நம்பினாலே போதுமல்லவா?

கங்காணி அயலான் அல்லன் என்பதே இம்முறையின் வலிமை. அவன் மாமன் உறவாகவோ, பங்காளியாகவோ, ஒரே தெருவைச் சேர்ந்தவனாகவோ இருப்பான். துரைமார் ஊர் ஊராகச் சென்று ஆயிரம் துண்டுத்தாள்கள் வழங்கினாலும் பெறமுடியாத நம்பிக்கையை அவன் "வா, மச்சான்" என்னும் ஒரு சொல்லால் பெற்றான். அவன் கூட்டிவரும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தரகு உண்டு. தோட்டம் சேர்ந்த பின்பும், அவன் கூட்டத்தார் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஆள் கணக்கில் அவனுக்குத் தலைப்பணம் கிடைப்பதுண்டு. காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி வேலைக்கு அனுப்புவதில் அவனுக்கு ஆதாயம் இருந்தது என்பதை இதனால் அறியலாம். எனினும் எல்லாப் பழியையும் கங்காணியின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. அவனும் ஒருகால் வேறொரு கங்காணியின் சொல்லைக் கேட்டுக் கப்பலேறியவனே. அயல்நாட்டில் நோயுற்றவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவனும், திருமணத்தை முன்னின்று முடித்தவனும், வழக்கைத் தீர்த்துவைத்தவனும் பலவிடங்களில் அவனாகவே இருந்தான்.

அவன் சொல்லைக் கேட்டுப் புறப்பட்டவர் யாவர்? திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களின் எளிய உழைப்பாளிகளே பெரும்பாலோர். ஆவடியும் பூவிருந்தவல்லியும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஏரியை நம்பிப் பயிர்செய்யும் நாடு அது. மழை பொய்த்தால் ஏரி வறளும். ஏரி வறண்டால் முதலில் பட்டினி கிடப்பவர் நிலமற்றவர். அம்மாவட்டத்துச் சேரிகளில் வாழ்ந்த ஆதிதிராவிட மக்களின் நிலையைக் குறித்து, அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர் 1891ஆம் ஆண்டில் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். தலைமுறை தலைமுறையாக நிலத்தில் உழைத்தும் அவர்களுக்கு நிலம் இல்லாமையையும், சிறு கடனுக்காகப் பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்தமையையும் அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அவர்களுக்கு நிலம் ஒதுக்குவதற்கு மறு ஆண்டில் ஆணையும் பிறந்தது. ஆயினும் ஆணை பிறந்த விரைவில் நிலம் கைக்கு வந்து சேரவில்லை.

இத்தகையவனுக்குக் கடல் கடத்தல் கொடுமையா, விடுதலையா? ஆட்கள் வெளியேறுவதை மிராசுதாரர் பலர் விரும்பவில்லை. நடவுக்கு ஆள் இல்லை என்றும் கூலி ஏறுகிறது என்றும் முறையிட்டனர். அவர்கள் முறையிட்டதிலிருந்தே, போனவனுக்குப் போவதால் ஏதோ ஒரு நன்மை இருந்தது என்பது புலனாகும். மலேயாவிலே நாட்கூலி பணமாகக் கிடைத்தது. அங்கேயும் துரைக்கு முன் கைகட்டி நிற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிறந்த ஊரில் நின்றதை விட அது பெரிதாக அவனுக்குத் தோன்றாமல் இருக்கலாம்.

சட்டமும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. மலேயாவில் 1907ஆம் ஆண்டில் இந்தியர் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளி ஒவ்வொருவரும், தாம் ஆள் திரட்டினும் திரட்டாவிடினும், அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஒருவர் செலவில் வந்த ஆளை மற்றொருவர் ஆசைகாட்டி இழுத்துக்கொள்ளும் பூசல் இதனால் குறைந்தது. வழிச்செலவு நிதியைச் சார்ந்தமையால், வருபவன் தலையில் பயணக் கடனும் ஏறவில்லை. இந்திய அரசு 1922ஆம் ஆண்டில் குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. அதன்பின் கங்காணி கூட்டிச் செல்லும் ஆளைக் கிராம முனிசீப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முகாமில் குடிபெயர்வோர் காப்பாளர் என்னும் இந்திய அரசின் அலுவலர் விசாரிக்க வேண்டும். இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் இருந்து தொழிலாளர் நலத்தைக் கவனிக்க வேண்டும்.

இவ்வாறு ஒரு குடும்பம் ஆவடியில் வந்து இறங்கும். மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டுவர். மருத்துவர் கண்ணையும் நாவையும் பார்ப்பார், அம்மை குத்துவர். உண்ணச் சோறு கிடைக்கும். கப்பல் புறப்படும் நாள்வரை அங்கே தங்க வேண்டும். இதற்கிடையில் அலுவலர் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார். கங்காணி சற்றுத் தொலைவில் நிற்பான். ஊரில் பண்டபாத்திரம் விற்றாயிற்று. குடிசையை உறவினனுக்குக் கொடுத்தாயிற்று. திரும்பிப் போனால் பண்ணையின் முகத்தில் விழிக்க வேண்டும். "விருப்பந்தான், ஐயா" என்பதன்றி வேறு என்ன சொல்லுவான்? அலுவலர் நேர்மையாகவே கேட்டிருப்பார். அவனும் பொய் சொன்னான் என்பதற்கில்லை. ஆனால் முடிவு ஆவடியில் எடுக்கப்பட்டதன்று. ஏரி வறண்ட அன்றே அது முடிந்துபோன காரியம். சட்டம் கேட்ட இடமும் காலமும் வேறு. விடை பிறந்த இடமும் காலமும் வேறு.

கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்தபடி வங்கக்கடலைக் கடப்பர். பினாங்குக்கு அருகில் ஜெரஜாக் என்னும் சிறு தீவில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்தப்படுவர். பின்பு தோட்டம், வரிசையாகக் கட்டிய லயம், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அங்கே ஆளைக் குறிக்க வழங்கிய சொல் 'கூலி' என்பது. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குரிய ஊதியம். துரைமார் ஏடுகளிலோ அது வேலை செய்தவனுக்கே பெயராயிற்று. ஒரு திங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு நீங்கும் உரிமை அவனுக்குச் சட்டப்படி உண்டு. நீங்கினால் அறையையும் விட்டு நீங்க வேண்டும். புதுநாட்டில் குடியேறுபவன் காட்டை வெட்டினால் காணி அவனுடையது என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் வெள்ளையர் கண்ட வழக்கம். மலேயாவில் காட்டை வெட்டிய தமிழனுக்குக் கிடைத்தது நாட்கூலியே, நிலம் கும்பினிகளுடையதாயிற்று. ஒன்றைமட்டும் குறிப்பிட வேண்டும். பள்ளி செல்லும் வயதுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி பலவிடங்களில் ஒரு கொட்டகையே, ஆசிரியரும் ஒருவரே. எனினும் மலேசியாவில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுவதற்கு வேர் அக்கொட்டகைகளில் இருக்கிறது.

உலகப் பொருளாதார மந்தத்தால் 1930ஆம் ஆண்டில் இரப்பர் விலை வீழ்ந்தது. கங்காணிகள் ஆள் திரட்டுவது நிறுத்தப்பட்டது. அழைத்துவந்த நிதியின் செலவிலேயே பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது வரவழைக்கவும், வேண்டாதபோது அனுப்பிவிடவும் ஒரே பெட்டியிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. விலை சற்று ஏறியதும் 1934ஆம் ஆண்டில் கப்பல்கள் மீண்டும் ஆள் ஏற்றின. இந்திய அரசு 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை அனுப்பித் தோட்டங்களைப் பார்த்து வரச் செய்தது. கங்காணி முறை இனி வேண்டா என்பது அவர் தெரிவித்த கருத்துகளுள் ஒன்று. 1938ஆம் ஆண்டில் துரைமார் ஆணின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தனர். அவ்வாண்டு ஜூன் திங்களில், உதவிப்பணம் பெற்று மலேயாவுக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடுத்துவிட்டது.

ஆவடியில் வரிசை நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது அவ்வூர் படைத்தளமாயிற்று. அக்கரையில் இருந்த தமிழர் சயாம் மரண இரயில்பாதையில் பட்டது வேறொரு பெருங்கதை. போருக்குப் பின் 'ரஜுலா' முதலிய கப்பல்கள் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே 1970களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தன. சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கியவர்கள் அவற்றில் சென்றார்கள். பெண் கொடுக்கவும், இறந்தவர்க்குக் காரியம் செய்யவும், பாட்டன் பிறந்த ஊரை ஒருமுறை பார்க்கவும் வந்தார்கள். அவ்வாறு வந்தவர்களுள் சிலர் அரக்கோணம் செல்லும் வண்டியில் ஆவடியைக் கடந்திருப்பர்.