சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா?

ஜி.எஸ்.டி. சாலை, மின்சார ரயில், பக்கத்திலேயே மகிந்திரா சிட்டி, மேற்கே ஒரகடம். புரோக்கர் இந்த நான்கையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார். நான்கும் உண்மைதான். அவர் சொல்லாமல் விடுவது, வாடகை தரப்போகிற ஆளைப் பற்றி. இந்த ஊரில் அந்த ஆள் பெரும்பாலும் ஷிப்டு வேலைக்காரர். முதலில் அவரைப் பாருங்கள், வீட்டை அப்புறம் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

• காலை ஷிப்டுக்கு முன்னால் ஒருநாள் ஒரகடம் சாலை முனையில் போய் நில்லுங்கள். எந்தக் கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது, ஏறுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து நடந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தத் தெருக்களில்தான் வீடு தேட வேண்டும். வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

• டூலெட் போர்டில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு வாடகையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நாளாகக் காலி என்றும் கேளுங்கள்.

• கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். பழைய தனி வீடு ஒன்று 40 லட்சம், வாடகை மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 43.6 லட்சம். வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் கைக்கு வருவது 1,32,000. சொத்து வரி, ரிப்பேர் என்று 20,000 போனால் மிச்சம் 1,12,000. இரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். கடனில் வாங்கினால் வட்டிக்கே வாடகை காணாது. விலை ஏறும் என்று நம்பித்தான் வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு வாடகை வருமானம் என்று பேர் வைக்காதீர்கள்.

• வில்லங்கம், பட்டா, திட்ட அனுமதி மூன்றையும் வக்கீலிடம் காட்டுங்கள். கார்த்திகை மழையில் ஒருமுறை தெருவைப் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

• ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதியுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது.

• ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈ.பி. இணைப்பு வாங்குங்கள். சப்-மீட்டர் சண்டை தீரும்.

செய்யக்கூடாதவை

• ஒரே கம்பெனியை நம்பி வாங்காதீர்கள். மறைமலைநகரில் ஃபோர்டு இருந்தது. 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள், மறு வருடம் உற்பத்தி நின்றது. ஒரகடம், மகிந்திரா சிட்டி, பொத்தேரி கல்லூரி என்று பல இடத்து ஆட்கள் வரக்கூடிய வீடாக இருந்தால் ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும்.

• பேச்சுலர் என்றதும் கதவைச் சாத்தாதீர்கள், சாதியும் சாப்பாடும் விசாரிக்காதீர்கள். ஒடிசா, பீகார் பையன்களை வேண்டாம் என்றால் இந்த ஊரில் பாதி ஆட்கள் போய்விடுவார்கள். தலையை மட்டும் எண்ணுங்கள். நாலு பேர் என்று சொல்வார்கள். பகல் ஷிப்டு நாலு, இரவு ஷிப்டு நாலு என்று ஒரே பாயில் மாறி மாறிப் படுப்பார்கள். சம்ப் மாலைக்குள் காலியாகும், செப்டிக் டேங்க் லாரியை அடிக்கடி கூப்பிட வேண்டியிருக்கும். எத்தனை பேர் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, வாடகையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

• வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். சட்டம் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு எதிராகத் திரும்பும்.

• கடன் வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புதிய வருமான வரி முறையில் அதற்கு இடமில்லை.

• அட்வான்ஸைச் செலவழிக்காதீர்கள். “அடுத்த ஆள் வந்து கொடுக்கட்டும், தருகிறேன்” என்று இழுக்கிற ஓனரின் பெயர் கம்பெனி பஸ்ஸுக்குள் ஒரே நாளில் பரவிவிடும்.