தீபாவளிப் போஜனமும் இருதயத் தமனியும்

புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசி பிறக்கும் இவ்வேளையில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் கடைசிச் சரக்கை லாரியேற்றிய அலுப்பும், போனஸ் கைக்கு வந்த உற்சாகமும் சேர்ந்து, ஒரு மாதமாகக் கறியே காணாத சரீரத்தை ஒரே இரவில் ஆட்டுக்கறிக்கும் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் ஒப்படைத்துவிடுகின்றன. சென்ற தீபாவளியை ஒட்டி நேரம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கண்டு மனம் பொறாமலே இதை எழுதுகிறேன்.

விருதுநகரில் கல்லின் குழிவில் தேங்கிய எண்ணெயில் பரோட்டா மொறுமொறுவென்று பொரிவதை அனைவரும் அறிவோம். அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள் போன பிறகு நடப்பதை அறிந்தவர் சிலரே. குடலிலிருந்து நுண்ணிய துகள்களாக ரத்தத்தில் சேரும் ட்ரைகிளிசரைடு, மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, மெல்லத் தணிய எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகிறது; அது மிகுந்தவரின் ரத்தத்தைக் குழாயிலிட்டுச் சுழற்றினால், மஞ்சளாய்த் தெளிய வேண்டிய மேல்நீர் பால்போல் வெளுத்து நிற்கும். அத்துகள்களின் மிச்சம் இருதயத் தமனியின் உட்சுவரில் புகுந்து தங்குவதே அடைப்புக்கு ஒரு காரணம் என்று சில்வர்ஸ்மிட் என்னும் விஞ்ஞானி 1979-லேயே எடுத்துரைத்தார். முந்தைய வேளையின் கொழுப்பு வடியுமுன் அடுத்த விருந்தில் அமர்பவருக்கு ரத்தம் தெளிய அவகாசம் ஏது?

ஆகவே, கறி ஒரு வேளை போதும். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள்; உடனே படுக்காமல் சிறிது நடவுங்கள். மது வேண்டாம், அதுவும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பண்டிகையன்றும் நிறுத்தாதீர்கள்.

இவற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்றுண்டு. விருந்துக்குப் பின் நெஞ்சில் பாரம் அழுத்தி, இடது கையோ தாடையோ வலித்து, உடல் வியர்த்தால், அதை வாயு என்று சொல்லாதீர்கள். சோடா குடித்து, ஓமத்திரவம் விழுங்கி, "ஏப்பம் விட்டால் சரியாயிடும், விடியட்டும் பார்ப்போம்" என்று படுக்கிறீர்களே, விடியும்வரை இருதயத்தின் தசை காத்திருக்குமா? எத்தனை முறை சொல்லியும் கேளாத இந்த அசிரத்தையே உயிரைக் கொண்டுபோகிறது. நீரிழிவுள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். மறுபடியும் சொல்கிறேன்: வாயு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். அருகில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே செல்லுங்கள். 2023 ஜூன் முதல் நடைபெறும் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

தீபாவளிக்குப் பின் ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் ரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. சாப்பிட்ட பின் எடுத்ததில் ட்ரைகிளிசரைடு 175-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.