நீரும் வேரும்

ஐப்பசித் திங்களில் அடைமழை பெய்யுங்கால், தஞ்சைத் தரணியின் வயல்கள் எல்லாம் ஏரிகள் போலக் காட்சியளிக்கும். அந்நீரின் நடுவே சம்பா நெல் பசுமை குன்றாது நிற்கும். ஆனால், அதே மழைநீர் வீட்டுக் கொல்லையிலுள்ள கத்தரிச் செடியின் அடியில் சில நாள் தேங்கினால், செடி தலைசாய்ந்து வாடிவிடும். நீரிலே நின்றும் நீரின்றி வாடும் அதன் நிலை விந்தையானதே!

இதற்குக் காரணம் யாது? இலைகளைப் போன்றே வேர்களும் மூச்சு விடுகின்றன. மண்ணின் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அவை பிராணவாயுவைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகளில் நீர் புகுந்தால் காற்று வெளியேறிவிடும். பிராணவாயு காற்றில் பரவும் வேகத்தை நோக்க, நீரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலேயே பரவும். எனவே வேர் மூச்சுத் திணறிச் சோர்ந்து, நீரை உறிஞ்சும் ஆற்றலையும் இழக்கின்றது. சோர்ந்த வேரைப் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள, அது அழுகத் தொடங்குகின்றது.

நெல்லுக்கோ இயற்கை வேறொரு வசதியைச் செய்து வைத்துள்ளது. அதன் இலை, தண்டு, வேர் ஆகியவற்றினூடே நுண்ணிய காற்றறைகள் தொடர்ந்து செல்கின்றன. மேலே புகும் காற்று அவற்றின் வழியே வேர்நுனி வரை இறங்குகின்றது. சிறிது வேருக்கு வெளியேயும் கசிகின்றது. அதனால் சேற்றிலுள்ள இரும்புச் சத்து துருவாகி வேரின்மேல் படியும். வயலில் பிடுங்கிய நாற்றின் வேர் செம்மை படர்ந்திருப்பது இதனாலேதான்.

வெற்றிலைக் கொடிக்கு இவ்வசதி இல்லை. ஈரம் குறைந்தால் அது வாடும். நீர் தேங்கினால் அழுகும். ஆதலின் கும்பகோணத்துச் சுற்றுப்புற உழவர்கள் கொடிக்கால்களில் மேட்டுப் பாத்திகள் அமைத்து, அவற்றின் இடையே ஆழமான கால்வாய்களை வெட்டுவர். கொடி மேட்டிலும் நீர் பள்ளத்திலும் நிற்கும். வேர் அழுகலைத் தடுக்க இதனினும் எளிய வழி காண்பது அரிது.

மண்ணில்லாமல், சத்துகள் கரைந்த நீரிலேயே செடி வளர்க்கும் முறையிலும் இதே இடர் உண்டு. 1930-களில் கலிபோர்னியாவில் வில்லியம் கெரிக்கி என்பார் இம்முறையில் தக்காளி வளர்த்துக் காட்டினார். வங்காளத்தைச் சேர்ந்த கலிம்போங்கில் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் இதனைத் தொடங்கினார். இன்று வீட்டு மாடிகளிலும் இதனைக் காணலாம். ஆயின், நம் நாட்டு வெயில் இதற்குப் பகை. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும்; 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமாகக் குறையும். வேரின் தேவையோ வெப்பத்தோடு பெருகும்.

இம்முறையில் வளரும் நல்ல வேர் பெரும்பாலும் வெண்மையாக இருக்கும். அழுகிய வேர் பழுத்து, வழவழத்து, தீநாற்றம் வீசும். மெல்ல இழுத்தால் மேல்தோல் கழன்று, நூல் போன்ற நடுநரம்பே எஞ்சும். அத்தகைய வேர்களைத் தூய கத்தரியால் நறுக்கி எறிதல் வேண்டும். தொட்டியை வெளுப்புத்தூள் நீரால் கழுவி, நன்கு அலசி, புதிய கரைசலை ஊற்றுதல் வேண்டும். நீர்மட்டத்தைச் சற்றுக் குறைத்து வேரின் மேற்பகுதி காற்றில் இருக்குமாறு விடுவதும், சிறு காற்றுப் பம்பினால் நீரில் குமிழிகளை எழுப்புவதும், தொட்டியை நிழலில் வைத்து ஒளி புகாதவாறு மூடுவதும் நலம். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும்.

வேர் முழுவதும் அழுகிய செடியிடம் இரக்கம் காட்டுதல் ஆகாது. ஒரே நீர் எல்லாச் செடிகளையும் சுற்றி வருவதால், அதன் நோய் விரைவில் மற்றவற்றையும் தொற்றும். அதனை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துவர்.