வேதிப்பொருள் விற்பனைப் பட்டியல்களில் பெயர்ப்பன்மையும் இணையத் தேடலும்

தமிழகப் பாடநூல்கள் ‘சோடியம் ஹைட்ராக்சைடு’ எனச் சுட்டும் பொருளை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘சோடியம் ஐதரொட்சைட்டு’ என்கின்றன. கடைவழக்கில் அது ‘காஸ்டிக் சோடா’. ‘எரிசோடா’ என்னும் ஆக்கமும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் தாங்கிய இணையப் பட்டியல் ஏனைய பெயர்களால் தேடுவோர் கண்ணிற்படாமற் போகக்கூடும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் கலைச்சொல்லாக்க நெறி பாடநூலுக்குத் தகும். விற்பனைப் பட்டியலுக்கு அதனை விதியாக்குதல் பொருந்தாது. தலைப்பில் ஒரு பெயரை நிறுத்தி, விளக்கத்தில் பிற வழக்குகளையும் தருதலே ஏற்புடையது.

எழுத்துள்ளீட்டிலும் இடர் உண்டு. ‘சோ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும், கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றைச் சமன்செய்யாத தேடற்கருவிக்கோ வெவ்வேறு சொற்கள். தமிழ்த் தேடலின் குறைகளை மொழியின்மீது ஏற்றிக் கூறுவோர் இதனைக் கருதுவதில்லை.

பெயர் மாறினும் மாறாதது சி.ஏ.எஸ். பதிவெண். இப்பொருளுக்கு அது 1310-73-2. இறுதி இலக்கம் முன்னுள்ளவற்றின் பிழையறியும் சரிபார்ப்பு இலக்கம். ஆயினும் சிறுவில்லை, செதில் என்னும் வடிவ வேறுபாட்டையோ தூய்மை விழுக்காட்டையோ அவ்வெண் உணர்த்தாது; அவற்றைச் சொல்லாலேயே குறித்தல் வேண்டும்.